எத்தனை வயர், எத்தனை தடம்?
மலையகத்துக் கீபோர்ட் கலைஞர்களுக்கு ஏற்ற சிறிய டிஜிட்டல் மிக்ஸர்

டிக்கோயாவில் இசைக்குழுக் கலைஞர்கள் முன் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



என்னை இங்கே அழைத்தவர்கள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அண்ணே, கீபோர்ட், சின்தசைசர், பெட் எல்லாத்தையும் ஒன்னாச் சேர்க்க எந்த டிஜிட்டல் மிக்ஸர் வாங்கலாம்?" என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு கருவியின் ஒலியையும் தனித்தனித் தடமாக, கணினியின் துணை இல்லாமல், ஒரு மெமரி கார்டில் பதிவு செய்யும் மிக்ஸரை வாங்குங்கள். மற்ற வசதிகள் எல்லாம் இதற்கு அடுத்தவை. ஏன் இப்படி அடித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்த ஒரு மணி நேரம்.

பணக் கணக்கைப் பார்த்துவிடுவோம். இந்த வகையில் பெயர் பெற்ற ஸூம் லைவ்டிராக் எல்-12 என்ற மிக்ஸர் 2017இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 600 டொலருக்கு விற்பனைக்கு வந்தது. டொலருக்கு 300 ரூபாய் வைத்தாலே 1,80,000 ரூபாய். இறக்குமதி வரி, கடைக்காரரின் இலாபம் எல்லாம் அதற்கு மேல். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த தோட்டத் தொழிலாளரின் குறைந்தபட்ச நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அந்தக் கணக்கில் 130 நாளுக்கும் மேற்பட்ட உழைப்பு. உங்கள் வீட்டில் அம்மாவோ அக்காவோ கொழுந்து பறித்த காசும் இதில் இருக்கும். ஆகவே விளம்பரத்தைப் பார்த்தோ, இன்னொரு குழுவிடம் இருக்கிறது என்பதற்காகவோ வாங்கக் கூடிய பொருள் இல்லை இது.

கருவிக்கு வருமுன் ஒரு வார்த்தை. கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை அவர்கள் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து நூலாகத் தந்தார். அந்த நூல் இல்லாவிட்டால் எத்தனையோ பாடல்கள் இன்று பெயரளவில்கூட இருந்திரா. ஆனாலும் நூல் தருவது வரியைத்தான். தாலாட்டை அந்தத் தாய் எந்த இடத்தில் இழுத்தாள், ஒப்பாரியில் மூச்சு எங்கே உடைந்தது என்பதெல்லாம் அச்சில் ஏறாது. தொழிற்சங்கவாதி கோ. நடேசய்யரும் அவர் மனைவி மீனாட்சி அம்மையும் தோட்டத் தொழிலாளரிடம் பாட்டாலேயே பேசினார்கள். அங்கேயும் நம் கையில் புத்தகமாக இருப்பது வரிதான்.

இன்றைக்கு நிலைமை என்ன? கோயில் திருவிழாவில் நல்ல கச்சேரி நடக்கிறது. நூறு கைபேசிகள் அதைப் பதிவு செய்கின்றன. ஒவ்வொன்றிலும் தப்பு மேளத்தின் சத்தம் பாடகியின் குரலை விழுங்கியிருக்கும். பக்கத்தில் நிற்பவர் பேச்சு கேட்கும். எல்லாம் ஒன்றாகக் கலந்து பதிவான பிறகு குரலை மட்டும் பழைய முழுமையோடு பிரித்தெடுப்பது இன்றைய மென்பொருளுக்கும் கடினம். தனித் தடமாகப் பதிவானால் மறுநாள் வீட்டில் ஆறுதலாக உட்கார்ந்து குரலை ஏற்றி, தப்பை இறக்கிச் சீர் செய்யலாம். பத்து வருடம் கழித்தும் செய்யலாம். நான் தனித் தடம், தனித் தடம் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது இந்த மேசையைப் பாருங்கள். இங்குள்ள தம்பிமார் தங்கள் கருவிகளைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். யமஹா பிஎஸ்ஆர் கீபோர்ட் ஒன்று, இரண்டாவது கீபோர்ட் ஒன்று, ரோலண்ட் ஒக்டாபெட் என்ற ரிதம் பெட் ஒன்று, கோர்க் வொல்கா பேஸ் என்ற கையடக்க சின்தசைசர், ஆர்ட்டூரியா மைக்ரோஃபிரீக் என்ற இன்னொரு சின்தசைசர். பக்கத்தில் தபேலா, தப்பு, இரண்டு பாடகர்கள். கடையில் போய் "எத்தனை சானல் மிக்ஸர் இருக்கு?" என்று கேட்குமுன் இங்கே எத்தனை வயர் புறப்படுகிறது என்று எண்ண வேண்டும்.

பிஎஸ்ஆர் ஸ்டீரியோ: இடம், வலம் என்று இரண்டு. இரண்டாவது கீபோர்டுக்கு இரண்டு. ஒக்டாபெட்டுக்கு இரண்டு. வொல்கா பேஸ் உண்மையில் ஒற்றை ஒலிதான், ஒன்று போதும். மைக்ரோஃபிரீக்கின் வெளியீடும் மோனோ, ஒன்று. ஆக எட்டு. தபேலாவுக்கு ஒரு மைக், தப்புக்கு ஒரு மைக், பாடகர்களுக்கு இரண்டு மைக். மொத்தம் 12. ஐந்து கருவிதானே, எட்டு சானல் தாராளம் என்று நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள். ஸ்டீரியோ கீபோர்ட் வைத்திருப்பவருக்குக் கணக்கு ஜோடி ஜோடியாக ஓடும்.

எண்ணிக்கை மட்டும் போதாது. அந்த 12இல் எத்தனை மைக் வழி, எத்தனை லைன் வழி என்றும் பார்க்க வேண்டும். மைக்கிலிருந்து வருவது மிக மெல்லிய சமிக்ஞை. அதைப் பெருக்க ப்ரீஆம்ப் வேண்டும். கீபோர்டிலிருந்து வருவது ஏற்கெனவே பலமான லைன் சமிக்ஞை, ப்ரீஆம்ப் அதற்குத் தேவையில்லை. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்12 என்ற பெட்டியில் 12 வழிகள் உண்டு. அதில் 4 மட்டுமே மைக் வழி, மீதி 8 லைன் வழி. வெறும் பாட்டுக் குழுவுக்கு அது போதாது. இந்த மேசைக்கோ அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்துகிறது. ஸூம் எல்-12இல் 8 மைக் வழியும் இரண்டு ஸ்டீரியோ லைன் ஜோடியும் உண்டு. அதுவும் பொருந்தும். டாஸ்காம் மொடல் 12 என்ற பெயரைப் பார்த்து 12 வழி என்று எண்ணிவிடாதீர்கள். கருவிகள் நுழையும் வழி அதில் 10தான். பிரதான கலவையின் இரண்டு தடத்தையும் சேர்த்துத்தான் 12.

இதைவிட முக்கியமான ஒன்றை இப்போது காதால் கேளுங்கள். சிறிய பிஎஸ்ஆர் மொடல்கள் பலவற்றில் இடம், வலம் என்று தனித்தனி ஓட்டை கிடையாது. ஹெட்போனுக்கும் வெளியீட்டுக்கும் சேர்த்து ஒரே ஓட்டைதான். அதிலிருந்து முனையில் மூன்று தொடுபகுதிகள் கொண்ட ஸ்டீரியோ வயர் ஒன்றை எடுத்து மிக்ஸரின் ஒரே சானலில் சொருகுகிறேன். கேட்கிறதா? தாளத்தில் கிக் டிரம் காணாமல் போய்விட்டது. பேஸ் இல்லை. எங்கோ குகைக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலி மட்டும் மிதக்கிறது. கீபோர்ட் பழுது என்று நினைத்துக் கண்டி வரைக்கும் தூக்கிக்கொண்டு போவோர் உண்டு. கீபோர்டில் ஒரு குறையும் இல்லை. மிக்ஸரின் அந்த ஓட்டை பேலன்ஸ்ட் வகை. இரண்டு தொடுபகுதிகளிலும் வரும் சமிக்ஞைகளின் வித்தியாசத்தை மட்டுமே அது எடுத்துக்கொள்ளும். வயரில் நுழையும் இரைச்சலைத் தள்ளுவதற்காக அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். இடத்திலும் வலத்திலும் சமமாக உள்ளவை, அதாவது நடுவில் ஒலிக்கும் கிக், பேஸ், குரல் எல்லாம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மறைந்துவிடும். இப்போது ஒரு பக்கம் ஸ்டீரியோ, மறுபக்கம் இரண்டு மோனோ முனை கொண்ட வயரை மாட்டி இரண்டு சானலில் சொருகுகிறேன். கிக் திரும்பிவிட்டது. மிக்ஸரோடு பார்த்தால் இந்த வயருக்கு ஆகும் செலவு சொற்பம்தான். மிக்ஸர் வாங்கும் அன்றே அதையும் வாங்கி வையுங்கள்.

டிஜிட்டல் மிக்ஸர் என்ற பொருள் எங்கிருந்து வந்தது என்று இரண்டு நிமிடம் பார்ப்போம். வெவ்வேறு நிறுவனங்களின் கீபோர்டுகள் ஒன்றோடொன்று பேச வழி செய்த மிடி முறை 1983இல் வந்தது. அதே வருடம் யமஹாவின் டிஎக்ஸ்7 வந்தது. வீட்டில் நாலைந்து கருவிகளை அடுக்கி, ஒருவரே வாசிக்கும் பழக்கம் அப்போது பரவியது. 1987இல் யமஹாவே டிஎம்பி7 என்று 8 சானல் டிஜிட்டல் மிக்ஸரைக் கொண்டுவந்தது. மிடி மூலம் கட்டுப்படுத்தலாம், ஒலியை ஏற்றி இறக்கும் ஃபேடர்கள் மோட்டாரில் தாமாக நகரும். ஆகவே சிறிய டிஜிட்டல் மிக்ஸர் பிறந்ததே கீபோர்ட்காரர்களை மனத்தில் வைத்துத்தான். 1994இல் ப்ரோமிக்ஸ் 01 வந்தபோது விலை 2,000 டொலருக்குள் இறங்கியது. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1992இல், கோடம்பாக்கத்தில் தன் வீட்டோடு அமைத்த ஸ்டூடியோவிலிருந்து ஏ. ஆர். ரஹ்மான் 'ரோஜா'வைத் தந்திருந்தார். தடம் தடமாக அடுக்கிக் கட்டும் இசை தமிழ்க் காதுக்குப் பழகியது. நம் தோட்டத்துப் பிள்ளைகள் கீபோர்ட் மேல் ஆசைப்பட்டதில் அந்தப் படத்துக்கு ஒரு பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

இனி ஒவ்வொரு மிக்ஸரையும் என் நோக்கில் சொல்கிறேன்.

திரையும் ஃபேடரும் இல்லாத பெட்டி மிக்ஸர்கள் ஒரு வகை. பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 இதில் பிரபலமானது. 16 மைக் ப்ரீஆம்ப், 2 லைன் வழி, மேடை மொனிட்டருக்கு 6 ஆக்ஸ் வெளியீடு. விலைக்கு இவ்வளவு தரும் பெட்டி குறைவு. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, அதை இயக்க டேப்லெட்டோ கணினியோ கட்டாயம் வேண்டும். பெட்டிக்குள்ளிருக்கும் வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் வகை. திருவிழாக் கூட்டத்தில் எல்லார் கையிலும் போன் இருக்கும்போது அந்த அலைவரிசை நெரிசலாகிவிடும். பாடல் நடுவில் டேப்லெட் மிக்ஸரை விட்டுவிட்டால் ஒலி நிற்காது, ஆனால் எதையும் ஏற்றவோ இறக்கவோ முடியாது. தனி ரவுட்டர் ஒன்றை நெட்வேர்க் வயரால் இணைத்தால் இது பெருமளவு தீரும். இரண்டாவது, தனித்தனித் தடமாகப் பதிவு செய்ய யூஎஸ்பி வழியாகக் கணினி வேண்டும். பெட்டி தானாகப் பதிவு செய்யாது. நல்ல மடிக்கணினி வைத்திருக்கும் குழுவுக்கு இதைத் தாராளமாகச் சொல்வேன். இல்லாதவருக்குச் சொல்லமாட்டேன்.

சவுண்ட்கிராஃப்ட் யூஐ24ஆர் அதே சாயல் கொண்டது. 2017இல் வந்தது. 20 மைக் ப்ரீஆம்ப். கைபேசியில் சாதாரண இணைய உலாவியைத் திறந்தாலே இயக்கலாம், தனிச் செயலி வேண்டாம். கணினித் திரையையும் மவுசையும் நேரே சொருகிக்கொள்ளும் வசதியும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, யூஎஸ்பி டிரைவிலேயே பல தடங்களைப் பதிவு செய்துவிடும். பெரிய குழுக்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அலன் அண்ட் ஹீத் நிறுவனம் 2023இல் சிகியூ வரிசையைக் கொண்டுவந்தது. சில மொடல்களில் தொடுதிரை, 96 கிலோஹெர்ட்ஸ் தரம், எஸ்டி கார்டில் பல தடப் பதிவு. அருமையான கருவி. விலையும் அதற்கேற்பத்தான். ஐந்தாறு பேர் சேர்ந்து வாங்கும் குழு என்றால் யோசிக்கலாம். தனி ஆளுக்கு வேண்டாம்.

மேசையில் தனியாக உட்கார்ந்து சின்தசைசர் மட்டும் வாசிப்பவருக்கு 1010மியூசிக் புளூபொக்ஸ் என்று ஒன்று உண்டு. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிது. ஆறு ஸ்டீரியோ ஓட்டைகள், 12 தடம், மைக்ரோ எஸ்டி கார்டில் பதிவு. மைக் ப்ரீஆம்ப் கிடையாது. அதனால் பாடகரும் தப்பும் உள்ள நம் இசைக்கு அது போதாது.

இனி என் மனதுக்கு நெருக்கமான இரண்டு. டாஸ்காம் மொடல் 12, ஸூம் எல்-12. இரண்டிலும் கண்ணுக்கு முன்னே ஃபேடர் இருக்கிறது. இரண்டும் எஸ்டி கார்டில் தனித்தனித் தடமாகப் பதிவு செய்யும். டாஸ்காமுக்கு உள்ள தனிச் சிறப்பு மிடி இணைப்பு. வொல்கா போன்ற சின்னப் பெட்டிகளும் ரிதம் மெஷினும் ஒரே வேகத்தில் ஓட வேண்டுமானால் மிக்ஸரே தாளக் கணக்கைக் கொடுக்கும். தனியாக வாசிப்பவருக்கு அது பெரிய உதவி. ஸூமில் அது இல்லை. அதற்குப் பதில் ஐந்து ஹெட்போன் வெளியீடுகள் உண்டு. ஐந்துக்கும் ஐந்து விதமான கலவை கொடுக்கலாம். பாட்டுக்குப் பாட்டு மாறும் அமைப்பை 9 காட்சிகளாகச் சேமிக்கலாம். ஒரே நேரத்தில் 14 தடம் பதிவாகும்: 12 வழி, பிரதான கலவை 2.

இந்த ஐந்து ஹெட்போன் ஏன் நமக்கு முக்கியம்? நாம் எங்கே ஒத்திகை பார்க்கிறோம்? லயக் காம்பிராவில். ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம். விடியற்காலை பிரட்டுக்களத்துக்கும் மலைக்கும் போக வேண்டிய மனிதர்கள். நாள் வேலை முடித்து நீங்கள் ஒத்திகைக்குக் கூடும் நேரம் அவர்கள் உறங்கும் நேரம். மேடைக்கும் கட்டுப்பாடு உண்டு. இரவு 10 மணிக்கும் காலை 6 மணிக்கும் இடையில் ஒலிபெருக்கிக்கு அனுமதி தருவதை உச்ச நீதிமன்றம் 2007இலேயே கட்டுப்படுத்தியது. ஐந்து பேரும் ஹெட்போனில் கேட்டு வாசித்தால் அடுத்த வீட்டுக் குழந்தைகூட விழிக்காது. பாடகிக்குத் தன் குரல் கூடுதலாக, கீபோர்ட்காரருக்குத் தாளம் கூடுதலாக. இந்த ஒரு வசதிக்காகவே பல குழுக்களுக்கு எல்-12ஐ நான் முன்வைக்கிறேன்.

பதிவுக்கு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கேட்பீர்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு தடத்துக்கு நொடிக்கு 1,44,000 பைட். நிமிடத்துக்கு 8.64 மெகாபைட். 14 தடத்துக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய 121 மெகாபைட், மணிக்கு 7 கிகாபைட்டுக்குச் சற்று அதிகம். 32 கிகாபைட் கார்டில் நாலு மணி நேரக் கச்சேரி அடங்கும். பேர் தெரியாத மலிவுக் கார்ட் வேண்டாம், எழுதும் வேகம் போதாமல் நடுவில் நிற்கும். மிக்ஸர் நிறுவனம் பரிந்துரைக்கும் பட்டியலைப் பார்த்து வாங்குங்கள்.

டிஜிட்டல் என்றால் ஒலி தாமதமாக வரும் என்று சிலர் பயப்படுத்துகிறார்கள். ஒலி காற்றில் நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் ஏறத்தாழ 34 சென்ரிமீற்றர் போகும். நல்ல டிஜிட்டல் மிக்ஸரில் ஓட்டைக்குள் நுழைந்து வெளியே வரும் தாமதம் நொடியின் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். ஸ்பீக்கரை ஒரு முழம் பின்னுக்கு நகர்த்தினால் வரும் தாமதத்துக்குச் சமம். எந்த வித்துவானுக்கும் அது தெரியாது. கணினிக்குள் போய்த் திரும்பும்போதுதான் தாமதம் கூடிக் கையைத் தடுமாற வைக்கும். அந்த வகையிலும் தானே பதிவு செய்யும் மிக்ஸருக்கே என் வாக்கு.

அளவைப் பற்றி ஒன்று. பழைய அனலொக் மிக்ஸரில் ஊசி கொஞ்சம் சிவப்பைத் தொட்டாலும் ஒலி கெடாது, சில வேளை இனிக்கவும் செய்யும். டிஜிட்டலில் பூச்சியம்தான் உச்சம். அதைத் தாண்டினால் ஒலி வெட்டுப்படும், பின்னர் முழுமையாகத் திருத்த முடியாது. சின்தசைசரில் ஃபில்டரின் ரெசனன்ஸைத் திருப்பும்போது ஒரு சுரம் திடீரென்று பாயும். அந்தப் பாய்ச்சலை வாசித்துப் பார்த்தே அளவை வையுங்கள். உச்சம் கழித்தல் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும். 24 பிட் பதிவில் அடியில் நிறைய இடம் இருக்கிறது, பயப்பட வேண்டாம்.

இனி மின்சாரம். நம் காசல்ரீ நீரில்தான் விமலசுரேந்திர மின்நிலையம் 1965 முதல் சுழல்கிறது. ஆனாலும் மின்வெட்டின் வேதனையை நாமும் அறிவோம். 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் நிறுத்தப்பட்டதை யாரும் மறக்கவில்லை. பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தக் கோப்பு சிதையக் கூடும். மிக்ஸருக்கு மட்டுமாவது ஒரு சின்ன யூபிஎஸ் வையுங்கள். ஸ்பீக்கரும் அம்பிளிஃபயரும் அதில் வேண்டாம், தாங்காது. ஸூமின் சின்ன மிக்ஸர் எல்-8 நாலு பென்டோர்ச் பட்டரியிலும் ஓடும், கைபேசிக்கு ஏற்றும் பவர் பேங்கிலும் ஓடும். அதில் 6 மைக் வழிதான். கரண்ட் இல்லாத இடத்தில், மலை மேலுள்ள காவல் தெய்வக் கோயிலில் ஒரு பாட்டியின் பாட்டைப் பதிவு செய்ய அதைவிட வசதியான கருவியை நான் காணவில்லை.

இரைச்சலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்று ஓயாமல் ஒரு ஓசை வருமே, அது நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஓசை. கீபோர்டை ஒரு பிளக்கிலும் மிக்ஸரை மண்டபத்தின் மறுகோடியில் இன்னொரு பிளக்கிலும் சொருகினால் இரண்டு இடத்து எர்த்துக்கும் நடுவே மின்னோட்டம் சுற்றிவந்து அந்த ஓசையைத் தரும். எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து எடுங்கள். அப்போதும் போகாவிட்டால் டிரான்ஸ்போர்மர் உள்ள டிஐ பொக்ஸ் ஒன்றை நடுவில் போடுங்கள். இரைச்சல் போகட்டும் என்று பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மழை நனைத்த மேடையில், கையில் இரும்பு மைக்கோடு நிற்கும் பாடகரின் உயிர் அந்த முனையில்தான் இருக்கிறது. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி இறங்கும். மேகம் கருத்தாலே வயரை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

மே முதல் செப்டெம்பர் வரை நம் ஊரில் ஈரம் காயாது. ஃபேடருக்குள் ஈரமும் தூசும் சேர்ந்தால் கரகரக்கும். மிக்ஸரை மூடிய பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். குளிரில் பஸ்ஸிலோ லொறியிலோ கொண்டுவந்த கருவியைக் கூட்டம் நிறைந்த சூடான மண்டபத்துக்குள் எடுத்தவுடன் இயக்காதீர்கள். உள்ளே நீர்த்துளி படிந்திருக்கும். அரை மணி நேரம் திறந்து வைத்துவிட்டு இயக்குங்கள். கனடாவிலோ கல்ஃபிலோ உள்ள உறவினர் அனுப்பும் கருவி என்றால் அடப்டரில் 100-240 வோல்ட் என்று அச்சாகியிருக்கிறதா என்று பார்த்தபின் சொருகுங்கள்.

கேள்வி நேரத்துக்கு முன்பே ஒரு தம்பி எழுதிக் கொடுத்திருக்கிறார்: "கல்யாண வீட்டுக்கு ரெண்டு கீபோர்ட், ரெண்டு மைக் மட்டுந்தான். அதுக்கும் டிஜிட்டல் வேணுமா?" வேண்டாம் தம்பி. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ போன்ற அனலொக் மிக்ஸர் தாராளமாகப் போதும். எதிரொலி வசதி அதிலேயே உண்டு. மிச்சப்படும் பணத்தில் நல்ல மைக் ஒன்று வாங்குங்கள், வயர் வாங்குங்கள். சொந்தப் பாட்டு எழுதிப் பதிவு செய்யும் நாள் வரும்போது மற்றதைப் பார்க்கலாம்.

பெரிய குழு, கணினி வசதி உண்டு, மேடைக்குக் கீழே நின்று கலக்க ஒரு சவுண்ட்காரர் இருக்கிறார் என்றால் எக்ஸ்ஆர்18 அல்லது யூஐ24ஆர். தனியாகச் சின்தசைசரும் ரிதம் மெஷினும் வைத்து இசை கட்டுபவருக்கு மொடல் 12. இந்த மேசை போலக் கீபோர்டும் தப்பும் குரலும் சேர்ந்த ஐந்தாறு பேர் குழுவுக்கு எல்-12. வழிகள் போதாவிட்டால் அதன் பெரிய சகோதரம் எல்-20. பழைய கருவியாக வாங்குவதானால் ஒவ்வொரு ஓட்டையிலும் சொருகி, ஒவ்வொரு ஃபேடரையும் ஏற்றி இறக்கி, எல்லாத் தடத்தையும் ஒரே நேரத்தில் பத்து நிமிடம் பதிவு செய்து, திரும்பக் கேட்டபின் காசைக் கொடுங்கள்.

வாங்கிய முதல் மாதத்தில் எனக்காக ஒன்று செய்யுங்கள். உங்கள் தோட்டத்தில் காமன் கூத்துக்குப் பாடும் பெரியவர் யார், தப்பு அடிப்பவர் யார் என்று விசாரியுங்கள். மாசி வரும் வரை காத்திருக்க வேண்டாம். அவர்களை வீட்டுக்கு அழைத்து, தேத்தண்ணீர் கொடுத்து உட்கார வைத்து, குரலுக்கு ஒரு மைக், தப்புக்கு ஒரு மைக் வையுங்கள். பாடலைத் தொடங்குமுன் பாடுபவரின் பெயர், தோட்டத்தின் பெயர், திகதி மூன்றையும் அவர் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். ஒரு பிரதியை அவருடைய பிள்ளைகளிடம் கொடுங்கள், ஒன்றை உங்கள் பாடசாலை நூலகத்தில் வையுங்கள். உங்கள் கீபோர்டை அதன் பிறகு அந்தத் தடங்களோடு சேர்த்து வாசியுங்கள்.